பழைய பிரீஅம்பிளிபயருக்கு அடாப்டர் தேடுவோர் கவனத்திற்கு: திருகோணமலையில் எனக்கு நேர்ந்தது

திருகோணமலை நகரில் பலரும் போய்வரும் மின்னியல் பொருட் கடையொன்றில், நாற்பது ஆண்டுகளை நெருங்கும் எனது பிரீஅம்பிளிபயருக்கு (இசைத்தட்டின் நலிந்த சமிக்ஞையைப் பெருக்கித் தரும் பெட்டி) மாற்று அடாப்டர் வாங்கப் போய், சென்ற மாதம் 6,000 ரூபாயை இழந்தேன். பணம் போனது பெரிதல்ல. இனி எங்கு தேடினாலும் கிடைக்காத பழைய அடாப்டரையும் அங்கேயே தொலைத்துவிட்டு வந்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அதே பொருளும் அதே பேச்சும் வேறு பெயர்ப்பலகைகளின் கீழும் இருக்கக்கூடும் என்பதால், கடையைவிட அங்கு கையாளப்பட்ட தந்திரத்தை விளக்குவதே பயன் தரும் என்று எண்ணுகிறேன்.

இந்தப் பிரீஅம்பிளிபயர் 1986ஆம் ஆண்டில் என் மூத்த சகோதரர் லண்டனிலிருந்து கொண்டுவந்து தந்தது. அதன் மின்வழங்கி பெட்டிக்குள் இல்லை. இசைத்தட்டின் ஊசி தரும் சமிக்ஞை சில மில்லிவோல்ட் அளவே என்பதால், மின்மாற்றியின் இரைச்சல் அதற்குள் புகாமல் இருக்க அக்காலத் தயாரிப்பாளர்கள் சிலர் மின்மாற்றியைத் தனியே வெளியில் வைத்தார்கள். என்னுடையதும் அப்படித்தான்: 230 வோல்ட்டை 16 வோல்ட் ஆக்கித் தரும், கைக்குக் கனக்கும் கறுப்பு அடாப்டர் ஒன்று, அதன் கம்பி நுனியில் திருகிப் பூட்டும் மூன்று ஊசி வட்டச் செருகி. முக்கியமான விடயம், அது தருவது ஏசி என்று நாம் சொல்லும், திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டம்; இன்று வீடுகளில் கிடக்கும் அடாப்டர்களில் அநேகமானவை தருவதோ டிசி என்னும், ஒரே திசையில் பாயும் நேரோட்டம். இந்த வேறுபாட்டில்தான் நான் ஏமாற்றப்பட்டேன்.

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டுகளையும், கரண்ட் திரும்பி வரும்போதெல்லாம் ஏற்பட்ட ஏற்ற இறக்கங்களையும் தாங்கிய அந்த அடாப்டர், இவ்வாண்டு கச்சான் காற்று வீசிய ஒரு மதியத்தில் சத்தமின்றி நின்றுபோனது. புகையும் இல்லை, மணமும் இல்லை. உவர்மலையில் கடற்காற்று எந்தச் செப்பு முனையையும் பச்சை பிடிக்கச் செய்துவிடும் என்பதால், முதலில் செருகியைத்தான் சந்தேகித்துத் துடைத்துப் பார்த்தேன். பயனில்லை. மறுநாள் அடாப்டரை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

மேசைக்குப் பின்னால் நின்ற இளைஞர் அதனை வாங்கி, மீற்றரை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே கொயில் எரிஞ்சிட்டு ஐயா, இது இனிச் சரிவராது" என்றார். கண்ணாடி அலுமாரியிலிருந்து வேறொரு அடாப்டரை எடுத்து வைத்தார். அதன் வயிற்றில் "16 வோல்ட் ஏசி" என்று அச்சிட்ட வெள்ளை ஒட்டுத்தாள் இருந்தது. கையில் எடுத்தபோது அது வெறுமையான தீப்பெட்டி போல இலேசாக இருந்தது. அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "தம்பி, இது ஏசிதானா? டிசி என்றால் எனக்குச் சரிவராது" என்று கேட்டேன். இதைக் கேட்கும் அளவுக்காவது எனக்கு விபரம் தெரிந்திருந்தது. அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை.

"நீங்களே பாருங்க ஐயா" என்று அவர் ஊசி முள் உள்ள பழைய மாதிரி மல்டிமீற்றரை எடுத்து, அதன் திருகியை ஏசி 50 வோல்ட் என்ற இடத்துக்குத் திருப்பி, இரண்டு முனைகளையும் அடாப்டரின் வாயில் வைத்தார். முள் துள்ளி எழுந்து 27க்கு அருகில் நின்றது. பதினாறுக்குப் பதில் இருபத்தேழு காட்டுகிறதே என்று கேட்டதற்கு, லோட் இல்லாதபோது எந்த அடாப்டரும் கூட்டித்தான் காட்டும் என்றார். அது பாதி உண்மை. சிறிய மின்மாற்றிகள் சுமையில்லாதபோது குறித்த அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது வழக்கம்தான். பாதி உண்மையை மறுத்துப் பேசுவது கடினம் என்பதால் நான் அடங்கிப்போனேன். பழைய அடாப்டரின் கம்பியை வெட்டி, அதன் வட்டச் செருகியைப் புதியதில் பொருத்தித் தருவதற்கு வேலைக்கூலி 1,500, அடாப்டருக்கு 4,500 என்று வாங்கினார்கள். எஞ்சிய பழைய அடாப்டரை நான் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை.

அன்று மாலை வீட்டில் இணைத்தபோது, முன்பக்கச் சிவப்பு விளக்கு வழக்கத்தில் பாதி வெளிச்சத்துடன் எரிந்தது. ஒலிபெருக்கிகளில் 'தொம்' என்று ஓர் அடி விழுந்து, இடப்பக்கக் கூம்பு வெளியே தள்ளி மெதுவாகத் திரும்பியது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் இசைத்தட்டு ஒன்றை வைத்தேன். ஒவ்வொரு அடியும் கிழிந்த சாக்குக்குள்ளிருந்து வருவதைப் போலக் கேட்டது. பத்து நிமிடம் கழியும் முன்னர் மேல்மூடியின் துளைகள் வழியாகக் கருகிய மணம் வந்தது. கம்பியைப் பிடுங்கினேன்.

பாலையூற்றில் வசிக்கும், வானொலி திருத்துவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்து இப்போது ஓய்வாக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் இரண்டையும் கொண்டுபோனேன். பிரீஅம்பிளிபயரைத் திறப்பதற்கு முன்னர், கடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லவைத்துக் கேட்டார். சொல்லி முடித்ததும் சிரித்தார். பிறகு தன்னிடமிருந்த அதே வகை முள் மீற்றரை எடுத்து, கடையில் செய்தபடியே ஏசி 50 வோல்ட்டில் வைத்துக் காட்டினார். அதே 27. "இப்ப பாருங்க" என்று முனைகள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். முள் பூச்சியத்திலிருந்து அசையவில்லை. ஆடலோட்டம் என்றால் முனைகளை எப்படி மாற்றி வைத்தாலும் ஒரே அளவுதான் காட்ட வேண்டும். அது ஒரு நொடியில் நூறு தடவை திசை மாறுவது. ஒரு பக்கம் மட்டும் காட்டினால் அது நேரோட்டம். டிசி இடத்துக்குத் திருப்பினார், 12 வோல்ட்.

அவர் விளக்கியபடி, மலிவான முள் மீற்றர்களில் ஆடலோட்டத்தை அளப்பதற்கு உள்ளே ஓர் இருவாயி, அதாவது மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட், இருக்கிறது. அது அலையின் ஒரு பாதியை மட்டும் விடுகிறது, அந்தப் பாதியின் சராசரியிலிருந்து முழு அளவைக் காட்டும்படி முகத்தட்டில் எண்கள் பெருக்கி எழுதப்பட்டிருக்கின்றன. அதற்குள் நேரோட்டம் பாய்ந்தால், மீற்றர் அதனையும் பாதி அலை என்றே எண்ணி, ஏறத்தாழ இரண்டேகால் மடங்காகக் காட்டும். பன்னிரண்டு இருபத்தேழானது இப்படித்தான். கடைக்காரருக்கு இது தெரிந்திருந்ததா, அல்லது அவரும் முள் எழுந்ததைக் கண்டு நம்பினாரா என்று சிலர் கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் ஐயத்தின் பலனை அவருக்கே கொடுக்க நினைத்தேன். அண்ணன் நகத்தால் வெள்ளை ஒட்டுத்தாளின் மூலையைக் கிளப்பியபோது, அதன் கீழே தொழிற்சாலையில் அச்சான எழுத்தில் 12 வோல்ட் என்றும், அதனருகே நேர்கோடு ஒன்றும் அதன் கீழ் மூன்று துண்டுக் கோடுகளும் இருந்தன. அது நேரோட்டத்தின் குறியீடு. ஆடலோட்டமாயின் பாம்பு போன்ற ஒரு வளைகோடு இருக்கும். ஒட்டுத்தாளைத் தெரியாமல் ஒட்ட முடியாது.

பிரீஅம்பிளிபயருக்குள் நடந்தது இதுதான். வெளியிலிருந்து வரும் இரண்டே கம்பிகளிலுள்ள ஆடலோட்டத்தை, எதிரெதிராக வைத்த இரண்டு இருவாயிகள் பிரித்து, ஒன்று நேர் மின்னழுத்தத்தையும் மற்றது மறை மின்னழுத்தத்தையும் மின்னைத் தேக்கிவைக்கும் கொள்ளளவிகளில் சேர்க்கின்றன. பின்னர் மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் 7815 என்ற ஒழுங்காக்கி +15 வோல்ட்டையும், 7915 என்பது -15 வோல்ட்டையும் தருகின்றன. நேரோட்டம் கொடுத்தபோது ஒரு பக்கம் மட்டுமே மின் கிடைத்தது, அதுவும் போதாத அளவில். மறுபக்கம் வெறுமையாகிக் கிடந்தது. மின் பெறாத அந்தப் பக்கம், இணைந்திருந்த சுற்றுகளின் வழியாகத் தலைகீழாக இழுக்கப்பட்டதில், தலைகீழ் மின்னழுத்தத்தைச் சற்றும் பொறுக்காத தாண்டலம் கொள்ளளவி ஒன்று கருகியிருந்தது. 7915உம் போயிருந்தது.

பழைய அடாப்டரில் கருகிய மணம் வந்ததா என்பதையே அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். கொயில் எரிந்தால் வார்னிஷ் எரியும் மணம் வீட்டையே நிறைக்கும்; எனக்கு எந்த மணமும் வரவில்லை. அப்படியானால், கரண்ட் உள்ளே வரும் முதற்சுற்றின் மேல் ஒட்டுநாடாவுக்குக் கீழே வைத்திருக்கும், அளவு மீறிச் சூடானால் அறுந்து மின்னை நிறுத்தும் வெப்ப உருகி மட்டுமே போயிருக்க வாய்ப்பு அதிகம் என்றார். அது அறுந்தால் சுவரில் செருகும் பக்கத்து இரு ஊசிகளுக்கிடையே மீற்றர் எதையும் காட்டாது, ஆனால் மறுபக்கச் சுற்று நல்ல நிலையில் இருக்கும். அதே வெப்ப அளவுள்ள சிறு உருகி ஒன்றை மாற்றினால் மின்மாற்றி மீண்டும் உயிர் பெற்றிருக்கலாம். வெப்ப உருகியை நீக்கிவிட்டுக் கம்பியால் நேரடியாக இணைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அது வீட்டுக்குத் தீ வைக்கும் வேலை.

மறுநாள் கடைக்குப் போய்ப் பழைய அடாப்டரைக் கேட்டேன். பழைய இரும்பு எடுப்பவரிடம் போய்விட்டது என்றார்கள். ஒட்டுத்தாளின் கீழிருந்ததைக் காட்டியபோது, உங்கள் பெட்டிதான் பழையது, அதனால்தான் பழுதாயிற்று என்றார்கள். பற்றுச்சீட்டில் "அடாப்டர் 1" என்ற இரண்டு சொற்களைத் தவிர எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆனால் பற்றுச்சீட்டில் "16 வோல்ட் ஏசி" என்று எழுதி வாங்கியிருந்தால் என் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்; இப்போது ஒட்டுத்தாளின் படங்களோடு மூன்று பக்கம் விளக்க வேண்டியதாயிற்று.

பிரீஅம்பிளிபயர் இப்போது பாடுகிறது. கொழும்புக்குப் போன மருமகன், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 15-0-15 வோல்ட் மின்மாற்றி ஒன்றை வாங்கிவந்தார். அதன் நடுக்கம்பியையும் ஒரு முனையையும் மட்டும் பயன்படுத்தினால் 15 வோல்ட் ஆடலோட்டம் கிடைக்கும். அதன் உச்சம் 21 வோல்ட்டைத் தாண்டும், ஒழுங்காக்கிக்குத் தேவை 17 வோல்ட் அளவே என்பதால் அது போதுமானது. அண்ணன் அதனைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்குப் புவித்தொடுப்புக் கொடுத்து, உள்வரும் பக்கத்தில் உருகியும் பொருத்தினார். கடையில் மாட்டிய வட்டச் செருகியைத் திறந்து பார்த்தபோது, கம்பிகளுக்கு ஈயமே வைக்காமல் முறுக்கி ஒட்டுநாடா சுற்றியிருந்தார்கள். அதற்குத்தான் 1,500 ரூபாய் வேலைக்கூலி.

இவ்வகைப் பொருள் வாங்கப் போகிறவர்கள் வோல்ட் எத்தனை என்று கேட்பதற்கு முன்னர் ஏசியா டிசியா என்று கேளுங்கள். கடைக்காரர் மீற்றர் வைத்துக் காட்டினால் முனைகளை இடம் மாற்றி இன்னொரு தடவை வைக்கச் சொல்லுங்கள். மின்மாற்றி உள்ளே இருந்தால் கை அதன் இரும்பின் கனத்தை உணரும். பழையதை, எரிந்துவிட்டது என்று எவர் சொன்னாலும், பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது கண்ணாடி அலுமாரியைப் பார்த்தேன். அதே வெள்ளை ஒட்டுத்தாளுடன் இன்னும் நான்கு அடாப்டர்கள் வரிசையாக இருந்தன. மூன்றில் "16 வோல்ட் ஏசி", ஒன்றில் "18 வோல்ட் ஏசி".