கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு 17 நிமிஷமாம்!

இரண்டு ஊர் பெயரை அடித்தால் நடுவில் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்லும் இணையதளம் ஒன்றைக் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், இந்த வகையில் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சுதான். கிருஷ்ணகிரி, சென்னை என்று போட்டால் 230 கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் 17 நிமிஷம் என்கிறது. நம்ம ஊரில் விமான நிலையமே இல்லை என்பது அதற்குத் தெரியாது, புது பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஏறிவிடலாம் போல.

அது செய்வது இவ்வளவுதான்: பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரத்தை எடுத்து, மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்துவிடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் சுற்றுவது எதுவும் கணக்கில் கிடையாது. அதனால் பக்கத்து ஊர்களுக்கு விடை சுத்தமாக உதவாது. பெங்களூரு–சென்னை நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர்தான், இதன் கணக்குப்படி 22 நிமிஷம், டிக்கெட்டில் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

தூரத்து ஊருக்கு மோசமில்லை. அம்மா துபாயில் அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிறார், "எத்தனை மணி நேரம்டா உட்காரணும்?" என்று கேட்டபோது போட்டுப் பார்த்தேன். பெங்களூரிலிருந்து 2,700 கிலோமீட்டர், மூன்றரை மணிக்குள் என்று வந்தது. உண்மையில் போக நாலு மணி நேரம் பிடிக்கும், திரும்பும்போது பல சமயம் அதைவிடக் குறைவு, மேற்கேயிருந்து வரும் மேல்காற்று பின்னால் தள்ளும். ஆனால் நேர வித்தியாசத்தை இந்தத் தளம் காட்டவே இல்லை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். ராத்திரி 10 மணிக்குக் கிளம்பி 12.30க்கு இறங்கும் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அம்மா, "ரெண்டரை மணி நேரம்தானா, பரவாயில்லையே" என்கிறார். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

சரி, நமக்குத் தலைவலியே தரையில்தான். கெம்பேகௌடா விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், பெங்களூருக்கு வடக்கே, நாம் போவதோ தெற்கிலிருந்து. டோல்கேட், ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி வரை வண்டி பறக்கும், அப்புறம் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு, அதைக் கடந்தால் ஹெப்பாளில் அதே நெரிசல். நூற்றுச்சொச்சம் கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டும், சாயங்காலம் என்றால் நாலு. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். ஆக, பறப்பது நாலு மணி, அதற்கு முன்னால் தரையில் ஆறு ஏழு மணி.

தர்மபுரிக்காரர்களுக்குச் சென்னை போக ஓமலூர் பக்கம் சேலம் விமான நிலையம் இருக்கிறது, 2023 அக்டோபரில் மறுபடி விமானம் விட ஆரம்பித்தார்கள். அதையும் இந்தத் தளம் சொல்லாது, பக்கத்து விமான நிலையம் எது என்று காட்டும் வசதியே இல்லை.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம். டெல்லி, துபாய், சிங்கப்பூர் என்றால் வரும் விடையோடு அரை மணியோ முக்கால் மணியோ கூட்டிக்கொண்டு குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு என்றால் திறக்கவே வேண்டாம், நமக்கு ரயில் நிலையமும் கிடையாது, ராத்திரி பஸ்தான்.