‘யுபிஎஃப் 50+’ நீச்சல் உடையை நம்பி 4,800 போச்சு, நீங்களும் ஏமாறாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போகட்டும், விடு’ என்று நானே விட்டுவிடுவேன். மகளுக்கு வாங்கிய ஒரே ஒரு நீச்சல் உடைக்கு 4,800. வெயிலைத் தடுக்கும் துணி என்று சொல்லித்தான் அந்த விலை வாங்கினார்கள். அது தடுத்த லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இணையத்தில் நீச்சல் உடை மட்டுமே விற்கும் கடை. பெயர் போடவில்லை, போட்டால் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள். முழுக்கை, கழுத்துவரை மூடிய குழந்தைகள் உடை, வெளிர் மஞ்சள் நிறம், முதுகில் பெரிதாக ஒரு மீன் படம். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ‘யுபிஎஃப் 50+’. சன்ஸ்கிரீனுக்கு எஸ்பிஎஃப் மாதிரி துணிக்கு இந்தக் கணக்கு. 50 என்றால், துணிமேல் விழும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் தோலுக்குப் போகும். சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு இது 5, 7 என்ற அளவில்தான் இருக்கும், நனைந்துவிட்டால் 3 பக்கம் இறங்கிவிடும். பழைய டி-ஷர்ட்டைப் போட்டுத் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு விலைக்குப் போனேன்.

கண்ணை மூடிக்கொண்டும் வாங்கவில்லை. கடையின் சாட்டில் கேட்டேன்: “துணி நைலானா, பாலியெஸ்டரா?” காரணமாகத்தான் கேட்டேன். பாலியெஸ்டர் இழையின் வேதியியல் அமைப்பிலேயே பென்சீன் வளையங்கள் உண்டு, தோலைச் சுட்டெரிக்கும் புற ஊதா ‘பி’ கதிரை அவை நன்றாக உறிஞ்சும். நைலானுக்கு அந்த வசதி கிடையாது, சாயமும் நெசவு நெருக்கமும்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். பதில் உடனே வந்தது: “பாலியெஸ்டர்தான் மேம். குளோரின் தண்ணிக்கும் ஒண்ணும் ஆகாது.” வெளிர் நிறமாக இருக்கிறதே என்றேன். “நிறத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை மேம், லேபில் டெஸ்ட் பண்ணினது” என்று ஒரு சான்றிதழ் படம் வந்தது. முத்திரை, கையெழுத்து, நடுவில் பெரிதாக 50+. அப்புறம் கேட்காமலே ஒரு வரி: “எங்க பாப்பாவுக்கும் இதேதான் மேம் எடுத்திருக்கேன்.” அந்த வரியைப் படித்ததும் பணத்தைக் கட்டினேன்.

விடுமுறை முழுக்கக் குளமே கதி. ஒருநாள் குளிக்க வைக்கும்போது முதுகைப் பார்த்துத் திக்கென்றது. முதுகெல்லாம் கறுத்து, நடுவில் மீன் மட்டும் வெளுப்பாக நிற்கிறது. வால், துடுப்பு, வாய் எல்லாம் அச்சு எடுத்தது போல. தோளில் தையல் ஓடிய இடத்தில், துணி இரண்டு மடிப்பாக இருந்த அகலத்துக்கு, ஒரு வெளிர் கோடு. அதை ஒட்டித் தோல் உரிந்துகொண்டிருந்தது. படத்துக்குப் பூசிய கெட்டி மை தடுத்திருக்கிறது, தையல் மடிப்பு தடுத்திருக்கிறது. 4,800 கொடுத்த துணி மட்டும் தடுக்கவில்லை!

வெயிலை வேண்டுமென்றே உள்ளே விடும் நீச்சல் உடைகளும் சந்தையில் உண்டு. கோடு விழாமல் உடம்பு ஒரே சீராகக் கறுக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கானவை. துணி முழுக்க நுண்துளைகள், உடம்பு தெரியாமலிருக்க மேலே அடர்த்தியான பூப்போட்ட அச்சு. அவர்கள் தெரிந்தே வாங்குகிறார்கள். (அந்தக் கறுப்பும் தோல் அடிபட்டதற்கான அடையாளம்தான், அது வேறு விஷயம்.) பாதுகாப்பு என்ற பெயரில் அதே வேலையைக் குழந்தையின் முதுகில் செய்து காட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று ராத்திரியே உடையைப் புரட்டிப் பார்த்தேன். உள்தையலில் தைத்திருந்த பட்டையில் நைலான் 82 சதவீதம், எலாஸ்டேன் (ரப்பர் மாதிரி இழுபடும் இழை) 18 சதவீதம். பாலியெஸ்டர் என்ற பேச்சே இல்லை. கையை உள்ளே விட்டு விளக்குக்கு நேரே பிடித்தேன். சும்மா பிடித்தால் பரவாயில்லை. தோள் பக்கத்தைக் கொஞ்சம் இழுத்தால் ஐந்து விரலும் எண்ணலாம். பின்னல் துணி இழுபட்டால் கண்ணிகள் விரிந்து கதிருக்கு வழி விடும், குழந்தை நீந்தும்போது தோள் இழுபட்டபடியேதான் இருக்கும். சோதனையோ பெரும்பாலும் காய்ந்த, இழுக்காத துணியில்தான் நடக்கிறது. போதாததற்குக் குளோரின் எலாஸ்டேனை அரிக்கும். ‘ஒண்ணும் ஆகாது’ என்ற உடை அதற்குள் இடுப்பில் தொளதொளத்துவிட்டது.

புகார் செய்தேன். முதல் பதில்: “சன்ஸ்கிரீன் போட்டீங்களா மேம்?” போட்டேன், முகத்துக்கும் கைக்கும். துணிக்கு அடியிலும் பூச வேண்டுமென்றால் உங்கள் 50+ எதற்கு? அடுத்தது, “பாப்பாவுக்கு சென்சிடிவ் ஸ்கின்னா இருக்கும்.” அதற்கடுத்து, “நீச்சல் உடை சுகாதாரக் காரணத்தால் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.” பட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். “டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கோம்.” அந்த டீம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. 4,800-ஐத் திருப்பிக் கேட்டால் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்புகிறார்கள். ‘எங்க பாப்பாவுக்கும்’ என்று சொன்னவர் இப்போது அங்கே இல்லையாம்.

அந்தச் சான்றிதழைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்தத் துணி என்று இல்லை, எந்தத் தர முறைப்படி சோதித்தார்கள் என்றும் இல்லை. 1996-இல் முதலில் வந்த ஆஸ்திரேலியா-நியூசிலாந்து தரத்துக்கு ‘ஏஎஸ்/என்இசட்எஸ் 4399’ என்று எண் இருக்கிறது. ஐரோப்பியத் தரமான ‘இஎன் 13758’ படி யுபிஎஃப் 40-க்கு மேல் இருக்க வேண்டும், தோலுக்குள் ஆழமாக இறங்கும் புற ஊதா ‘ஏ’ கதிர் சராசரியாக 5 சதவீதத்துக்குக் கீழேதான் கடந்து போகலாம். அமெரிக்க முறையில் துணியை 40 தடவை துவைத்து, ஒளியில் வைத்து, நீச்சல் உடையென்றால் குளோரின் நீரிலும் ஊறவைத்த பிறகுதான் அளப்பார்கள். எனக்கு வந்த படத்தில் இதில் ஒன்றுமே கிடையாது. எந்த லேப் என்று கேட்டதற்கு “கான்ஃபிடென்ஷியல்” என்றார்கள். இன்று போய்ப் பார்த்தால் கடைப் பக்கத்தில் 50+ என்பதையே காணோம், ‘வெயிலுக்கு ஏற்ற மென்மையான துணி’ என்று மாற்றியிருக்கிறார்கள். பழைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். தர எண் இல்லாமல் வெறும் 50+ மட்டும் போட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள். அடர்நிறம், நெருக்கமான பின்னல், பாலியெஸ்டர் அல்லது பிபிடி (அதுவும் ஒருவகைப் பாலியெஸ்டர்தான்) கலந்த துணி என்று பாருங்கள். கையில் வந்ததும் இழுத்து விளக்குக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் கொட்டினால் அப்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டாலும் புற ஊதா வரவே வராது என்று அர்த்தமில்லை. தொளதொளத்த பழைய உடையை வெயிலில் நம்பாதீர்கள். அப்புறம், தொங்கும் அட்டையை வெட்டாதீர்கள், சாட் உரையாடலை அழிக்காதீர்கள். என் 4,800-க்கு அவர்கள் கடைசியாகக் கேட்டது அந்த அட்டையைத்தான்.