துண்டுக் காணியும் கட்டாயச் சங்கமும்: 47,500 ரூபாய்க்கு நாமம்

கிளிநொச்சிப் பக்கம் துண்டு போட்டு விக்கிற காணி வாங்கப் போறவை, அச்சவாரம் குடுக்க முன்னம் இதை வாசியுங்கோ.

காணியில பிழையில்லை. உறுதிக்காணி, 20 பேர்ச். உறுதி எழுதி முடிய, நொத்தாரிசின்ர கந்தோர் வாசலிலதான் 'குடியிருப்போர் சங்கம்' எண்டு ஒரு படிவம் நீட்டுப்பட்டது. அங்கத்துவமும் அபிவிருத்தி நிதியுமாம், 47,500 ரூபாய். கட்டாட்டில் பொதுக் கிணத்துத் தண்ணி இல்லை, ரோட்டால வாகனம் விடேலாது. செயலாளர் நெத்தி நிறைய விபூதியோட, "தம்பி, பதினெட்டுத் துண்டுக்காரரும் கட்டிட்டினம். காசு எங்க ஓடப்போகுது?" எண்டார். உறுதி கைக்கு வந்த சந்தோசம், எண்ணிக் குடுத்தாச்சு. பற்றுச்சீட்டில நீலச் சீல் வடிவாக் குத்தியிருந்தது. 'பதிவிலக்கம்' எண்ட இடத்தில வெறும் புள்ளிக்கோடு.

அந்த நிதியில போடுறதெண்ட ரோட்டின்ர கணக்கைப் பாருங்கோ. 600 அடி நீளம், 12 அடி அகலம், 4 அங்குலக் கிரவல் எண்டது பேச்சு. 2,400 கன அடி, ஒரு கியூப் 100 கன அடி எண்டபடியால் 24 கியூப். அது உருட்டி இறுகின பிறகு நிக்கவேண்டிய அளவு. இறுகேக்க காற்பங்கு குறையுமெண்டால் 32 கியூப் பறிக்கவேணும், 3 கியூப் ரிப்பரில 11 லோட். வந்தது 3 லோட். ரோலர் ஓடேல்லை, தண்ணி அடிக்கேல்லை, நடுவை உயத்திக் கரைக்குச் சரிவு விடேல்லை, வாய்க்கால் இல்லவே இல்லை. கார்த்திகை மழை ரெண்டு நாள் அடிக்க, கிரவல் முழுக்கக் கீழ்க்காணிக் கிடங்குக்க.

தண்ணித் தாங்கி 1,000 லீற்றர். ஆளுக்கு 100 லீற்றர் எண்டு வைச்சாலும் நாலு பேர் இருக்கிற 18 வீட்டுக்கு நாளுக்கு 7,200 வேணும். மோட்டரின்ர கரண்ட் பில் வித்தவரின்ர பேரில. அவர் நினைச்சால் எல்லாருக்கும் தண்ணி நிக்கும்.

கணக்குக் கேட்டால் "பொருளாளர் கொழும்புக்குப் போட்டார்". பிறகு "வருடாந்தக் கூட்டத்தில வரும்". மூண்டாந்தரம் கேட்ட அண்டு வாட்ஸ்அப் குறூப்பில இருந்து தூக்கிட்டினம். பிரதேச செயலகத்தில கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிட்ட விசாரிச்சால், பதிவேட்டில அப்பிடியொரு சங்கமே இல்லை. 47,500 ரூபாய்!

"கொழும்பு பிளாட்டுகளில எல்லாரும் கட்டாயம் சேருறதுதானே" எண்டு வேற ஒரு கதை. அங்க முகாமைக் கூட்டுத்தாபனத்துக்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் திருத்தங்களும் இருக்கு. மாடிவீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்து வெறும் தரைத் துண்டுக்குப் போடேலாது.

படிப்படியா எழுதுவம் எண்டுதான் தொடங்கினது, இப்ப பொறுமை இல்லை. பதிவிலக்கம் இல்லாத பற்றுச்சீட்டுக்குச் சதமும் குடுக்காதேங்கோ. காசாக் குடுக்கவே வேண்டாம். சங்கத்தின்ர பேரில, ரெண்டு கையெழுத்து வேணுமெண்ட வங்கிக் கணக்கில மட்டும் போடுங்கோ. உறுதியின்ர அட்டவணையில கிணத்துப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருந்தால் உங்களை ஒருத்தரும் மறிக்கேலாது, கையெழுத்து வைக்க முன்னம் அந்த வரியைத் தேடுங்கோ. பிரதேச சபை அங்கீகரிச்ச நில அளவைப் படத்தில ரோட்டைக் காட்டியிருக்கோ எண்டும் பாருங்கோ. உறுதியில்லாத, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த பெர்மிட் காணியெண்டால் பிரதேச செயலகம் போகாமல் கிட்டவும் போகாதேங்கோ.

இந்தளவு காசுக்கு நேர நீதிமன்றத்துக்குப் போகேலாது, முதல்ல பிணக்கைப் பேசித் தீர்க்கிற இணக்கசபை. விண்ணப்பம் குடுத்தாச்சு, திகதி இன்னும் வரேல்லை.