எச்சரிக்கை: 8,500 ரூபாய்க்கு வாங்கிய மெமரி கார்டு எங்கள் சித்திரையைத் தின்றுவிட்டது

"படங்கள்தானே அக்கா, அடுத்த வருடமும் புத்தாண்டு வரும்."

இன்று காலை கெமரா சாமான்கள் விற்கும் கடையொன்றின் உரிமையாளர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. வீட்டுக்கு வந்து தேநீர்கூடக் குடிக்காமல் எழுதுகிறேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை. காலி வீதியை ஒட்டிய சின்னக் கடை. கெமரா, மெமரி கார்டு, சார்ஜர், கைப்பேசி உறை எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள். கொழும்பில் இப்படி எத்தனையோ கடைகள் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படப்பிடிப்பாளர் இல்லை. இரண்டு பிள்ளைகளின் தாய். இந்தச் சித்திரை விடுமுறைக்கு என் அம்மா சாவகச்சேரியில் இருந்து வந்து எங்களோடு தங்கினார். வயது 81. இரவு பஸ்ஸில் அந்தத் தூரம் வருவது இதுதான் கடைசி என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். ஆகவே இந்த முறை வீட்டில் நடப்பதை எல்லாம், அலங்காரம் இல்லாமல், நிற்கச் சொல்லாமல், நாள்தோறும் படம் எடுப்பது என்று தீர்மானித்தேன். என்னிடம் பழைய கெமரா ஒன்று இருக்கிறது. கார்டுதான் சிறியது. மார்ச் 26ஆம் திகதி 128 ஜிபி கார்டு வாங்கப் போனேன்.

முதல் கடையில் 11,000 கேட்டார்கள். இரண்டாவது கடை இது. நின்ற பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். என் பேச்சைக் கேட்டதும், "அக்கா எந்த ஊர்?" என்றான். சாவகச்சேரி என்றேன். "என் அம்மம்மாவும் அங்கேதான் அக்கா, மட்டுவில்" என்றான். பண்டிதர் வீட்டுக்குப் பக்கமா, கோவிலுக்குப் பக்கமா என்று இரண்டு நிமிடம் கதைத்தோம். பன்றித்தலைச்சி அம்மன் கோவிலில் பங்குனித் திங்களுக்குப் பொங்கியதைப் பற்றிக்கூடச் சொன்னான். பிறகு கண்ணாடிப் பெட்டியில் இருந்தவற்றை எடுக்காமல், உள்ளே போய் ஒரு கார்டு கொண்டுவந்தான். "இது ஒரிஜினல். மற்றவர்களுக்கு 9,500. உங்களுக்கு 8,500. எனக்கு இதில் லாபமே இல்லை."

என் கெமராவை அவனே வாங்கினான், கார்டை அவனே போட்டான், என்னைப் பார்த்து ஒரு படம் எடுத்தான், திருப்பிக் காட்டினான். "பாருங்கள், வேலை செய்கிறது."

வேலை செய்தது. ஒரு படத்துக்கு வேலை செய்யும். அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது கார்டை அல்ல. என் ஊர்ப் பெயரைச் சொன்ன ஒரு பிள்ளையின் முகத்தை. 8,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். துண்டுக் கடதாசியில் "மெமரி கார்டு 1 – 8,500/=" என்று எழுதி முத்திரை குத்தித் தந்தான். கார்டு எந்த நிறுவனத்துடையது, தொடர் இலக்கம் என்ன, உத்தரவாதம் எவ்வளவு காலம், ஒன்றும் அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 28 முதல் மே 6 வரை 4,312 படங்கள் எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று சொன்னால்தான் என்ன போனது என்று விளங்கும். காலை ஏழு மணிக்குக் குசினி ஜன்னலால் வெளிச்சம் சாய்ந்து விழும். அம்மா கதிரையில் இருந்து கீரை ஆய்வார். மின்விசிறிக்கு நேர் கீழே, சீமெந்துத் தரையில், கன்னத்தில் தரையின் அடையாளம் பதிய மூத்தவன் தூங்குவான். பின்னேரம் பாட்டு வைத்துக்கொண்டு வரும் பாண் முச்சக்கர வண்டியின் சத்தம் கேட்டதும் சின்னவள் ஒற்றைச் செருப்போடு படியிறங்கி ஓடுவாள். ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், நிழல் காலுக்குக் கீழே ஒடுங்கிவிடும். மொட்டைமாடியில் பிள்ளைகள் இருவரும் தங்கள் நிழலை மிதித்துப் பிடிக்கப் பார்த்ததை எடுத்தேன். வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போகும்போது, ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அம்மா சின்னவளின் கையை இறுக்கிப் பிடித்ததையும் எடுத்தேன். அந்தக் கையை மட்டும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் பழைய படமொன்றைத் திருப்பிப் பார்க்கப் போனபோது, படத்தைக் காட்ட முடியாது என்று கெமரா எழுதிக் காட்டியது. நிறுத்திப் போட்டேன். அடுத்து எடுத்த படம் ஒழுங்காகத் தெரிந்தது. எடுத்தவுடன் திரையில் தெரிவது பெரும்பாலும் கெமராவின் சொந்த நினைவகத்தில் இருக்கும் படம், கார்டில் போய்ச் சேர்ந்த படம் அல்ல என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "கெமரா பழசு அக்கா. கார்டை ஒரு தடவை ஃபார்மட் செய்யுங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். கார்டுக்குள் படங்கள் இருக்கின்றனவா என்று என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவர்கள் சொன்னபடி ஃபார்மட் செய்திருந்தால் மிஞ்சியதும் போயிருக்கும்.

மே 6 இரவு அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, கார்டை மடிக்கணினியில் போட்டேன். 4,312 பெயர்களும் வரிசையாக இருந்தன. அளவும் திகதியும் சரியாக இருந்தன. திறந்தால் 1,790 படங்கள்தான் படங்கள். மீதி 2,522 சாம்பல் நிறச் சதுரங்கள். சிலது திறக்கவே இல்லை.

கடைசி நல்ல படம் ஏப்ரல் 13 பின்னேரம் எடுத்தது. அம்மா அடுப்படியில் பயற்றம் பணியாரத்தைத் தாச்சியில் திருப்பிப் போடுகிறார், நெற்றியில் வியர்வை. அடுத்த படத்தில் இருந்து ஒன்றுமில்லை. 14ஆம் திகதி பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்துப் பிள்ளைகளின் தலையில் மருத்துநீர் வைத்தார். இல்லை. பால் பொங்கி வழிந்தது. இல்லை. வெற்றிலையில் காசு வைத்து அம்மா கைவிசேஷம் கொடுக்க, மூத்தவன் காலில் விழுந்தது. இல்லை. காலி முகத்திடலில் பட்டம் விட்டது, இறால் வடை சாப்பிட்டது, பஸ்ஸின் ஜன்னலுக்குள் அம்மாவின் கை அசைந்தது, எதுவும் இல்லை.

தரவு மீட்கும் இடமொன்றுக்குக் கொண்டு போனேன். அங்கிருந்தவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் சொன்னது இதுதான். இது போலிக் கார்டு. உள்ளே இருக்கும் உண்மையான இடம் சுமார் 15 ஜிபி. ஆனால் தன்னை 128 ஜிபி என்று சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். கணினியில் பார்த்தாலும் 119 ஜிபி என்று காட்டும். நல்ல 128 ஜிபி கார்டும் விண்டோஸ் கணினியில் அப்படித்தான் காட்டும் என்பதால் சந்தேகம் வராது. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கத்தில் பதிவதால் பெயர்கள் தப்பிவிடும். இடம் முடிந்த பிறகு வரும் படங்கள் எங்கும் எழுதப்படுவதே இல்லை. அழிந்ததை மீட்கலாம், எழுதப்படாததை யாரும் மீட்க முடியாது என்று சொல்லிக் கார்டைத் திருப்பித் தந்தார்.

அதன் பிறகு கடைக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை அந்தப் பையன் இல்லை, "ஊருக்குப் போய்விட்டான், வந்ததும் கேட்கிறோம்." இரண்டாம் தடவை அவன் உள்ளே நின்றான். நான் கண்டேன். என்னைக் கண்டதும் பின்கதவால் போய்விட்டான். மட்டுவில் அம்மம்மாவின் பேரன். வேறொருவர் வந்து, "வெயிலில் வைத்திருப்பீர்கள், சுட்டிருக்கும்" என்றார். மூன்றாம் தடவைதான் இன்று. உரிமையாளர் துண்டைப் பார்த்தார். "இதில் கார்டு என்றுதானே இருக்கிறது? இதே கார்டு என்று எப்படித் தெரியும்?" என்றார். எழுதித் தந்தது உங்கள் ஆள் என்றேன். 8,500 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னேன். வேண்டுமானால் இன்னொரு கார்டைப் பாதி விலைக்குத் தரலாம் என்றார். அதே பெட்டிக்குள் இருந்து, அதே கார்டு! வேண்டாம் என்று நான் சத்தமாகச் சொன்னபோதுதான் அடுத்த வருடப் புத்தாண்டைப் பற்றிச் சொன்னார்.

8,500 ரூபாய் எங்கள் வீட்டுக்குச் சின்னக் காசு இல்லை. பிள்ளைகளின் இரண்டு மாதப் பஸ் காசுக்கு மேல். ஆனாலும் அந்த மனிதர் தரவேண்டியது 8,500 அல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத் தர அவரிடம் வழி இல்லை. அதனால்தான் தரக்கூடிய 8,500 ரூபாயையாவது வாங்காமல் விடப்போவதில்லை.

எப்படித் தப்புவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பற்றுச்சீட்டில் கார்டின் நிறுவனப் பெயர், அளவு, தொடர் இலக்கம் மூன்றும் எழுதாமல் காசை நீட்டாதீர்கள். வாங்கியதும், படம் எடுக்கத் தொடங்கும் முன்பே, கார்டு முழுவதையும் நிரப்பித் திருப்பி வாசித்துப் பார்க்கும் இலவச மென்பொருளால் சோதியுங்கள்; எஃப்3 என்பது அவற்றில் ஒன்று. சில மணி நேரம் எடுக்கும், எடுக்கட்டும். அன்றன்று எடுத்ததை அன்றிரவே வேறு இடத்துக்குப் பிரதி எடுத்து, திறந்தும் பாருங்கள். நான் நாற்பது நாள் காத்திருந்தேன்.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு ஜூன் 26 வரை நேரம் இருக்கிறது. கடிதத்தை இன்றே எழுதுகிறேன்.

இன்னொன்று. புத்தாண்டன்று எங்கள் வீட்டுக்கு வந்துபோன உறவினர்களும் அயலவர்களும் இதைப் படித்தால், உங்கள் கைப்பேசிகளை ஒரு தடவை தேடிப் பாருங்கள். பின்னணியில், ஓரத்தில், பாதி முகமாக அம்மா எங்காவது விழுந்திருந்தால் அந்தப் படத்தை வெட்டாமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள்.