தரையைச் சூடாக்குவதா, சுவரையா? ஒரு மூணாறு குளியலறைக் கணக்கு

தேவிகுளம் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். குளியலறையில் டைல்ஸ் ஒட்டுவதற்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: சூடு தரையிலிருந்து வர வேண்டுமா, சுவரிலிருந்தா?

லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. குளிக்கும் மூலையிலேயே விறகடுப்பு, அதன்மேல் அண்டா. கண் எரிந்தாலும் உடம்பு காயும். இப்போது கீசர் தண்ணீரை மட்டும்தான் சுடவைக்கிறது. ஜனவரியில் சில விடியற்காலைகளில் மூணாறில் குளிர் பூஜ்யம் டிகிரியைத் தொட்டு, புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். "டைல்ஸ்ல கால வச்சா ஊசி குத்துற மாதிரி இருக்குடா" என்கிறார் அம்மா.

அவர் பேச்சைக் கேட்டால் தரைதான். டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி கோத்த வலையைப் பாய்போல விரிப்பார்கள். குளியலறைக்குச் சதுர மீட்டருக்கு 150 வாட் என்பது வழக்கமான அளவு. எங்கள் அறை எட்டுக்கு ஐந்தடி. க்ளோசெட்டுக்கு அடியில் கம்பி போகக்கூடாது. அதையும் ஓரங்களையும் கழித்தால் 2.5 சதுர மீட்டர், 375 வாட். மிக்ஸி இழுப்பதைவிடக் குறைவு. ஆனால் சூடேற அரை மணி முதல் ஒரு மணி நேரம், கலவை தடிமனாக இருந்தால் இன்னும் கூட ஆகும். தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். அடியில் வெப்பம் தடுக்கும் பலகை போடாவிட்டால் நாம் கான்கிரீட்டைத்தான் சூடாக்கிக்கொண்டிருப்போம்.

இன்னொரு சிக்கல், நாம் குளிக்கும் விதம். வெளிநாட்டுப் படங்களில் ஷவர் கண்ணாடிக்குள் இருக்கும், மற்ற தரை காய்ந்தே கிடக்கும். நாமோ வாளியில் மொண்டு ஊற்றி அறை முழுக்க நனைக்கிறவர்கள். ஆகவே கம்பிக்கு மேல் நீர் இறங்காத பூச்சு கட்டாயம், வாட்டமும் பிசகக்கூடாது. அதே சமயம், சூடான தரை சீக்கிரம் காய்ந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வழுக்கிக்கொண்டே இருக்கும் ஊரில், மூட்டுவலிக்காரருக்கு இது பெரிய விஷயம்.

சுவருக்குள் கம்பியோ குழாயோ பதிக்கும் முறையை நான் சீக்கிரமே தள்ளிவிட்டேன். எங்களுடையது பள்ளத்தாக்கைப் பார்த்த வெளிச்சுவர். மூடுபனிக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பதுபோல ஆகிவிடும். ஆணியும் அடிக்க முடியாது.

சுவரில் மாட்டும் அகச்சிவப்புப் பேனல் வேறு சங்கதி. 600 வாட், போட்ட சில நிமிடங்களில் முதுகில் வெயில் படுவதுபோல இருக்கும். தினம் அரை மணி என்றால் 0.3 யூனிட். தரையோடு ஒப்பிட்டால் இரண்டு மாத பில்லில் 27 யூனிட் மிச்சம். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் மொத்தத்துக்கும் ஒரே உயர்ந்த விலை என்பதால், விளிம்பில் இருப்பவர்களுக்கு இந்த 27 சும்மா இல்லை. கெட்டுப்போனால் நாலு ஸ்க்ரூ கழற்றினால் போதும். தெரிந்தவர் ஹோம்ஸ்டேயில், கதவு முட்டாமல் இருக்கக் காந்தம் பொருத்தவென்று தரையில் ஓட்டை போட்டு, கம்பி அறுந்து, மூன்று டைல்ஸை உடைத்தார்கள். பேனலின் குறை ஒன்றுதான்: பாதம் குளிர்ந்தே இருக்கும்.

எதை வைத்தாலும், கண்ணாடிப் பட்டைகள் செருகிய வென்டிலேட்டர் திறந்தே கிடந்தால் காசு வெளியே போகும். அதை மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கிறோம். உள்ளே கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைச் செய்யவே கூடாது, நச்சுவாயு தங்கி உயிருக்கே ஆபத்து. அப்புறம், தரைக்கம்பி, பேனல் இரண்டுக்குமே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் இணைப்புக் கொடுக்க விடாதீர்கள்.

கடைசியில் பேனலைக் கதவுக்கு மேலே மாட்டுவது என்று முடிவு. தரைக்கம்பி ஒரே ஒரு சதுர மீட்டர், 150 வாட். "எந்த இடம்னு சொல்லுங்க தம்பி" என்றார் கொத்தனார். அம்மாவைக் கூப்பிட்டு, துண்டை எடுத்துத் துவட்டுகிற இடத்தில் நிற்கச் சொல்லி, காலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன்.