தனி நெடுவரிசையா, பொதுப் பண்பா?
பாம்பன், மண்டபம், தொண்டியில் கரையேறும் மீன்களைப் பதிய ஒரு தரவுத்தளம் அமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நீளம், எடை, ஆழம் என ஒவ்வொன்றுக்கும் தனி நெடுவரிசை வைப்பது ஒரு வழி. எடைக் கட்டத்தில் எழுத்தைத் தட்டினால் தரவுத்தளமே மறுத்துவிடும், தேடுவதும் எளிது. சரி, நண்டுக்கு ஓட்டின் அகலம், கணவாய்க்கு மேலுறை நீளம் என்று வந்தால்? பாதிக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும்.

இன்னொரு வழி பொதுப் பண்பு: எந்த அளவானாலும் பண்பின் பெயர், மதிப்பு, அலகு என்ற நெடுவரிசைகள் மட்டுமே. உயிரினத் தரவுகளைப் பகிர்வதற்கான டார்வின் கோர் தரநிலையின் ‘மெஷர்மென்ட் ஆர் ஃபேக்ட்’ (அளவு அல்லது தகவல்) நீட்சி இப்படித்தான். புது அளவு வந்தால் புது வரி, அவ்வளவுதான். சிக்கல் பெயரில் இருக்கிறது. ‘நீளம்’ என்று மண்டபத்தில் ஒருவர் வால் நுனிவரை அளப்பார், தொண்டியில் இன்னொருவர் வால் பிளவுவரை அளப்பார். இரண்டையும் கலந்து சராசரி எடுத்து என்ன பயன்? அதனால்தான் ஓபிஸ் என்ற உலகக் கடலுயிர்த் தரவுத்தளம், பெயரோடு பொதுச் சொற்பட்டியலின் அடையாளக் குறியையும் கேட்கிறது.

என்னைக் கேட்டால் இனம், இடம், தேதி, எடை நான்கும் தனி நெடுவரிசையில் இருக்கட்டும். மற்றவை பொதுப் பண்பாகட்டும். ஆனால் சொற்பட்டியலை முதலில் முடித்துவிடுங்கள். ‘இதர’ என்று மட்டும் ஒரு பண்பு வைக்காதீர்கள், எல்லோரும் எல்லாவற்றையும் அதில்தான் கொட்டுவார்கள்.