லினக்ஸில் இரண்டு மானிட்டர்: சில வருட அனுபவம்

தமிழ் நூல்களுக்கு மெய்ப்பு பார்ப்பது என் வேலை. 27 இஞ்ச் 4கே திரையில் பக்க வடிவமைப்பு, பக்கத்திலேயே நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்த 24 இஞ்ச் ஃபுல் எச்டி திரையில் மூலப்பிரதி. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன், அதில் க்னோம் என்ற திரைமுகப்பு, ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டு. சில வருடங்களாக இதில்தான் பிழைப்பு ஓடுகிறது.

ஏஎம்டி, இன்டெல் இரண்டுக்கும் டிரைவரைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். அது லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கார்டுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் மட்டும் தனி. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அதையும் நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள். என்விடியா 2022-இல் தன் டிரைவரின் கர்னல் மாட்யூல்களைத் திறந்த மூலமாக வெளியிட்டது நல்ல விஷயம். ஆனால் அவை இன்னும் கர்னலுக்கு வெளியேதான் இருக்கின்றன. கர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி அவற்றைப் புதிதாகக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டத் தேவையான, புதிய கர்னலுக்குப் பொருத்தமான ஹெடர் தொகுப்பு இருக்கிறதா என்று ரீபூட் செய்யும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல் டிரைவரில் இல்லை, புள்ளி அடர்த்தியில் இருக்கிறது. என் பெரிய திரையில் இஞ்சுக்கு 163 புள்ளி, சின்னதில் 92. திரையில் வரையும் பழைய அமைப்பான எக்ஸ்11 இரண்டையும் சேர்த்து ஒரே பரப்பாகத்தான் பார்க்கும். 4கே-வுக்காக அளவை 200 சதவீதம் வைத்தால் சின்னத் திரையில் எழுத்து பூதாகரமாகிவிடும். எக்ஸ்ராண்டர் கட்டளையில் ஸ்கேல் கொடுத்துச் சின்னத் திரையை இரண்டு மடங்காக வரைந்து சுருக்கலாம். அப்போது எழுத்தின் ஓரங்கள் மங்கும். ஆங்கிலம் படிக்க அது போதும். தமிழில் ரகரத்தின் கீழ்க்கோடு கரைந்து துணைக்கால் மாதிரியே தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'கரல்' என்று தவறாக அடித்திருந்தாலும் 'கால்' என்றே கண் படித்துவிட்டுப் போகும். மெய்ப்பு பார்க்கிறவருக்கு இதைவிட ஆபத்து வேறில்லை.

எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்டுக்கு மாறியதும் இந்தத் தொல்லை ஒழிந்தது. பெரிய திரைக்கு 200, சின்னதுக்கு 100 என்று அமைப்புகளில் தனித்தனியாக வைத்தேன். இரண்டிலும் எழுத்து பளிச்சென்று நிற்கிறது. எக்ஸ்11-க்காக எழுதப்பட்டு எக்ஸ்வேலண்ட் என்ற இடைப்பாலம் வழியாக ஓடும் பழைய மென்பொருள்கள் மட்டும் பெரிய திரையில் கொஞ்சம் மங்கலாக வரலாம். நான் பயன்படுத்தும் லிப்ரேஆபிஸ், ஃபயர்பாக்ஸ் இரண்டுக்கும் அந்தக் குறை இல்லை.

கேபிளை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. மவுஸை நகர்த்தினாலே தயக்கம் தெரியும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தாலே 60 கிடைக்கும். தனி கார்டு போட்டிருந்தால் கேபிளை மதர்போர்டில் குத்தாமல் கார்டில் குத்துங்கள்.

அப்புறம், லாகின் திரை மட்டும் படுத்தபடியே வந்தால் பதற வேண்டாம். அந்தத் திரையைக் காட்டும் ஜிடிஎம் உங்கள் அமைப்பைப் படிப்பதில்லை. உங்கள் கான்ஃபிக் அடைவில் உள்ள மானிட்டர்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பை ஜிடிஎம்மின் கான்ஃபிக் அடைவுக்கு நகலெடுத்து வையுங்கள், அதுவும் நிமிர்ந்துவிடும். திரையை மாற்றினால் மறுபடி நகலெடுக்க வேண்டும்.